ஈடேல் கிராமத்துக்குப் போவது எப்படி: விசா முதல் வயல்வழி வரை

இங்கிலாந்துக்குப் போகும் நம்மவர்களில் பலர் லண்டனைச் சுற்றிவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். கிராமம் பார்க்க ஆசை இருந்தாலும் அதற்குக் கார் வேண்டும், அங்கே தெரிந்தவர் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். இரண்டும் இல்லாமலே போகலாம். மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே, டார்பிஷயரில் ஈடேல் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அதற்கென்றே ஒரு ரயில் நிலையம் உண்டு. இறங்கி கால் மணி நேரம் நடந்தால் ஊர் முடிந்துவிடும், மலை தொடங்கிவிடும்.

நானும் மனைவியும் ஒரு மே மாதத்தில் போய் மூன்று இரவு தங்கினோம். அந்த மூன்று இரவுக்கு முன்னும் பின்னும் ஒரு விசா மறுப்பு, வீணாய்ப் போன கட்டணம், தவறாக வாங்கிய ஷூ, ஞாயிற்றுக்கிழமை ரத்தான ரயில் எல்லாம் இருந்தன. அவ்வளவையும் நீங்களும் பட வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஈடேலை வைத்துச் சொன்னாலும், ரயில் போகும் எந்த ஆங்கிலேயக் கிராமத்துக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

டிக்கெட் விலையைப் பார்த்து மாதத்தை முடிவு செய்யாதீர்கள், பகல் வெளிச்சத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். டிசம்பர் கடைசியில் அங்கே நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். முதல் முறை போகிறவர்களுக்கு மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை நல்லது. வயலெல்லாம் ஆட்டுக்குட்டிகள், மழையும் ஒப்பீட்டளவில் குறைவு, பகல் நீளம். ஆகஸ்டில் மேலே ஹெதர் செடிகள் பூத்து மலையே ஊதா நிறமாகிவிடும். ஆனால் அது பள்ளி விடுமுறைக் காலம், தங்குமிடம் கிடைப்பது கடினம்.

மே மாதத்தின் முதல் திங்களும் கடைசித் திங்களும், ஆகஸ்டின் கடைசித் திங்களும் பொது விடுமுறை. அந்த வார இறுதிகளைத் தவிர்த்துவிடுங்கள். அமைதியைத் தேடிப் போகிறவர்கள் திங்கள் மாலை போய் வெள்ளிக்கிழமை கிளம்புவதுதான் சரி.

2. விசா

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசா எடுக்க வேண்டும். பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பிப் பணம் கட்டி, பிறகு விண்ணப்ப மையத்தில் விரல்ரேகையும் புகைப்படமும் கொடுக்க வேண்டும். ஆறு மாத விசாவின் கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டு ஆனது. அப்போது இரண்டு வருட விசா 475 பவுண்டு. கட்டணம் அடிக்கடி மாறுகிறது, அதுவும் பெரும்பாலும் ஏப்ரலில்தான். அதனால் விண்ணப்பிக்கும் அன்று அரசுத் தளத்தில் போட்டிருக்கும் தொகையை மட்டும் நம்புங்கள். குழந்தைக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம்.

சிங்கப்பூர், மலேசியா, கனடா, ஆஸ்திரேலியா, அயர்லாந்து தவிர்த்த ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா தேவையில்லை, ஈடிஏ என்ற மின்னணு அனுமதி போதும். அதற்கான செயலியை அரசே வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் கட்டணம் 16 பவுண்டு ஆக்கப்பட்டது. பொதுவாக மூன்று வேலை நாளுக்குள் பதில் வந்துவிடும். தேடுபொறியில் முதலில் வரும் தனியார் தளங்கள் அதே அனுமதிக்கு மேலே பணம் வைத்து வாங்கும். முகவரியின் கடைசியில் அரசுத் தளத்துக்குரிய பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அட்டை எண்ணைக் கொடுங்கள்.

இனி விசா எடுக்க வேண்டியவர்களுக்கு. பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். விரல்ரேகை கொடுத்த பிறகு சாதாரணமாக மூன்று வாரத்தில் முடிவு தெரியும். கோடைக் காலத்தில் மையத்தில் நேரம் கிடைக்கவே சில நாள் ஆகலாம். நான் சொல்வது, இரண்டரை மாதம் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். முடிவு வரும் வரை ரத்து செய்ய முடியாத டிக்கெட் எதையும் வாங்காதீர்கள். வாங்கியாக வேண்டும் என்று விதியும் இல்லை.

எனக்கு முதல் முறை மறுப்பு வந்தது ஒரே ஒரு காரணத்தால். கணக்கில் பணம் குறைவாகத் தெரிகிறதே என்று, விண்ணப்பிப்பதற்குப் பத்து நாள் முன்னால் என் அண்ணன் ஆறு லட்சம் ரூபாய் போட்டுவிட்டார். ஸ்டேட்மென்ட்டில் அது தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு விளக்கம் இல்லை என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அவர்கள் எழுதியது சரிதான். உண்மையில் பார்வையாளர் விசாவுக்கு இவ்வளவு பணம் இருக்க வேண்டும் என்று எந்தக் குறைந்தபட்சத் தொகையும் விதியில் கிடையாது. நீங்கள் சொல்லும் செலவும் நீங்கள் காட்டும் வருமானமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது முறை அண்ணனின் பணத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, என் சம்பளமும் சேமிப்பும் மட்டும் இருந்த ஆறு மாத ஸ்டேட்மென்ட்டை வைத்தேன். பதினைந்தாம் நாள் விசா வந்தது.

மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பி வராது, ஆனால் மறுபடி விண்ணப்பிக்கலாம். அப்படி விண்ணப்பிக்கும்போது முந்தைய மறுப்பை மறைக்கவே கூடாது. படிவத்தில் நேராகக் கேட்பார்கள், நேராகச் சொல்லிவிடுங்கள்.

நான் வைத்த ஆவணங்கள்: கடவுச்சீட்டு, பழைய கடவுச்சீட்டு, ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், அதே ஆறு மாதச் சம்பளச் சீட்டு, வருமான வரித் தாக்கல், விடுப்புக் கடிதம், ஒரு பக்கப் பயணத் திட்டம். விடுப்புக் கடிதத்தில் எந்தத் தேதியில் திரும்பி வேலைக்கு வருகிறேன் என்பது இருக்க வேண்டும். பயணத் திட்டத்தில் "இங்கிலாந்தைச் சுற்றிப் பார்க்க" என்று பொதுவாக எழுதாமல், எந்த நாள் எந்த ஊர், எந்த ரயில், எங்கே தங்குவது என்று எழுதினேன். கிராமத்துக்கு ஏன் போகிறீர்கள் என்று கேட்டால் மலை நடைக்கு என்று தெளிவாகச் சொல்வதற்கும் அது உதவும்.

ஒரு பொறி நம் ஊர்க்காரர்களுக்கே உரியது. பட்டா, பத்திரம், ரேஷன் அட்டை, திருமணச் சான்று போன்றவை தமிழில் இருந்தால் அப்படியே வைக்க முடியாது. ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் மொழிபெயர்ப்பாளர், இது மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு என்று எழுதி, தேதி போட்டு, முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் எல்லாம் தர வேண்டும். வெறும் தட்டச்சுப் பிரதி செல்லாது.

விண்ணப்ப மையத்தில் கூரியர், குறுஞ்செய்தி, தனி அறை என்று வரிசையாகக் கூடுதல் சேவைகள் காட்டுவார்கள். எதுவும் கட்டாயம் இல்லை. ஆவணங்களை வீட்டிலேயே ஸ்கேன் செய்து பதிவேற்றிவிட்டால் அதற்கான செலவும் மிச்சம்.

3. லண்டனுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்

ஈடேல் மட்டும்தான் நோக்கம் என்றால் மான்செஸ்டருக்கு எடுங்கள். சென்னையிலிருந்து துபாய், தோஹா, அபுதாபி வழியாக ஒரே மாற்றில் போய்விடலாம். மான்செஸ்டர் விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து மான்செஸ்டர் பிக்கடில்லி சுமார் இருபது நிமிடம், பிக்கடில்லியிலிருந்து ஈடேல் முக்கால் மணி நேரம். லண்டனில் இறங்கினால் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலிருந்து ஷெஃபீல்டு வரை இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, பிறகு அங்கிருந்து ஈடேலுக்கு அரை மணி நேரம். அதுவும் முடியும், ஆனால் இருபது மணி நேரப் பயணக் களைப்போடு அது அதிகம்.

வீட்டிலிருந்து கட்டிக்கொடுக்கும் இனிப்பு விஷயத்தில் கவனம். இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பிரிட்டனுக்குள் கொண்டுபோகக் கூடாது. பால்கோவா, நெய், பால் சேர்ந்த இனிப்பு எல்லாம் இதில் வரும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், கடலைமிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். மலையில் கடலைமிட்டாய் எங்களுக்கு அவ்வளவு உதவியது.

பயணக் காப்பீடு கட்டாயம் இல்லை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். அவசரப் பிரிவில் பார்ப்பதற்குப் பணம் வாங்க மாட்டார்கள், ஆனால் உள்நோயாளியாகச் சேர்த்தால் வெளிநாட்டுப் பார்வையாளரிடம் செலவைப்போல ஒன்றரை மடங்கு வசூலிப்பார்கள். காப்பீடு எடுக்கும்போது மலை நடையும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

4. தங்குமிடம்

பகலில் போய்விட்டு மாலையில் திரும்பலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஈடேலுக்கு ஓர் இரவாவது தங்கப் போங்கள். மாலை ரயிலில் நடைக்காரர்கள் கிளம்பிய பிறகுதான் அந்த ஊர் தன் நிலைக்கு வருகிறது. எங்கள் முதல் மாலை நன்றாக நினைவிருக்கிறது. மணி எட்டரை. வெயில் இன்னும் மலை உச்சியில் இருந்தது. தேவாலயத்துக்கு எதிரே கல்சுவரில் சாய்ந்து நின்றோம். ஆட்டுக்குட்டிகள் தாயைத் தேடிக் கத்துவதும், ஓடைச் சத்தமும் தவிர எதுவும் கேட்கவில்லை. மனைவி மெல்லப் பேசினாள், நானும் அப்படியே பதில் சொன்னேன்.

படுக்கையும் காலை உணவும் தரும் வீடுகள், பப்புக்கு மேலேயுள்ள அறைகள், கூடாரம் அடிக்கும் இடம், நெதர் பூத்தில் இளைஞர் விடுதி என்று வசதி உண்டு. ஆனால் மொத்த எண்ணிக்கையே குறைவு. இருவர் அறைக்கு ஓர் இரவுக்கு 90 முதல் 130 பவுண்டு வரை வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் இரண்டு இரவாவது தங்க வேண்டும் என்பார்கள். விசா வரும் முன்பே, இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்துப் பிடித்து வையுங்கள்.

கவனிக்க வேண்டியது முகவரி. ஈடேல் என்று போட்டிருந்தாலும் பாதி இடங்கள் ஊர் நடுவில் இல்லை. பள்ளத்தாக்கு முழுக்கச் சிறு சிறு குடியிருப்புகளாகச் சிதறிக் கிடக்கிறது, எல்லாம் பூத் என்று முடியும்: பார்பர் பூத், அப்பர் பூத், ஆலர்புரூக் பூத், நெதர் பூத். இரவில் சாலை விளக்கு கிடையாது, வாடகை வண்டியும் கூப்பிட்டவுடன் வராது. ரயில் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் அளந்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இளைஞர் விடுதி இரண்டு கிலோமீட்டருக்கு மேல். முன்பதிவு செய்யும் முன், அங்கே சமையலறையை நீங்களே பயன்படுத்தலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அது பெரிய வசதி.

5. ரயில்

மான்செஸ்டர்–ஷெஃபீல்டு பாதையில் எல்லா ஊரிலும் நிற்கும் ரயில்தான் ஈடேலில் நிற்கும். நிற்காமல் போகும் வேக ரயில்களும் அதே பாதையில் ஓடுகின்றன. பிக்கடில்லியில் ஷெஃபீல்டு என்று போட்டிருந்ததை மட்டும் பார்த்து ஏறினால் ஈடேலைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே கடந்து போக நேரும். பலகையில் நிற்கும் ஊர்களின் பெயர் ஓடும், அதில் ஈடேல் வருகிறதா என்று பாருங்கள். சாதாரணமாக மணிக்கு ஒன்று.

மான்செஸ்டரிலிருந்து போகவர ஒருவருக்கு 15 பவுண்டு அளவில் ஆகும். இந்தக் குறுகிய தூரத்துக்கு முன்கூட்டி வாங்கத் தேவையில்லை. லண்டன்–ஷெஃபீல்டு போன்ற நீண்ட தூரத்துக்கு அட்வான்ஸ் டிக்கெட் மலிவு. ஆனால் அது அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும், தவறவிட்டால் புதிதாக வாங்க வேண்டும். விமானம் இறங்கும் அன்று அப்படி வாங்குவதைத் தவிருங்கள். இருவராக எப்போதும் சேர்ந்தே போகிறவர்களுக்கு டூ டுகெதர் ரயில்கார்டு உண்டு. அதற்கு 35 பவுண்டு கொடுத்தால் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வார நாளில் காலை ஒன்பதரைக்கு முன் செல்லாது. லண்டன் போய்வரும் எண்ணம் இருந்தால் ஒரே பயணத்தில் அந்தப் பணம் திரும்பிவிடும், மான்செஸ்டர் மட்டும் என்றால் வேண்டாம்.

டிக்கெட்டை ஏறும் முன்பே வாங்கி, கைப்பேசியில் இறக்கி வைத்துவிடுங்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் வரும் போகும்.

ஞாயிற்றுக்கிழமையை நம்பித் திட்டம் போடாதீர்கள். எங்கள் ஞாயிறு ரயில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ரத்தானது. அடுத்ததற்கு இரண்டு மணி நேரம் நடைமேடையில் நின்றோம், மழை வேறு. மறுநாள்தான் விமானம் என்பதால் தப்பித்தோம். விமானத்துக்கு முந்தைய இரவு மான்செஸ்டரிலேயே தங்கிவிடுவது நல்லது. ரத்து, தாமதம் என்றால் இழப்பீடு கேட்கலாம், டிக்கெட்டை அழிக்காமல் வைத்திருங்கள்.

6. பையில் என்ன இருக்க வேண்டும்

ஷூவில் கஞ்சத்தனம் வேண்டாம். நான் ஓட்டப்பயிற்சிக்கு வாங்கிய ஷூவோடு போனேன். முதல் நாள் காலையிலேயே வயலில் நனைந்து, பகல் முழுக்க ஈரக் காலோடு நடந்தேன். கணுக்கால் வரை ஏறும், நீர் புகாத, அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் நடைக் காலணி வேண்டும். இங்கேயே வாங்கி, கிளம்பும் முன் ஒரு மாதமாவது போட்டு நடந்து பழகுங்கள். மலையில் புது ஷூ போட்டால் மதியத்துக்குள் குதிகால் கொப்பளித்துவிடும்.

ஜீன்ஸ், பருத்திச் சட்டை, சல்வார் வேண்டாம். நனைந்தால் காயாது, காற்றில் உடம்பு நடுங்க ஆரம்பித்துவிடும். சீக்கிரம் உலரும் பேன்ட், மெல்லிய ஸ்வெட்டர், மேலே மழை ஜாக்கெட், மழைப் பேன்ட், குல்லா. மே மாதத்திலும் இவ்வளவும் தேவைப்பட்டது. குடை எடுத்துப் போனோம், முதல் காற்றிலேயே மடங்கிவிட்டது.

வரைபடம் காகிதத்தில் இருக்க வேண்டும். பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்புளோரர் வரிசையில், ஈடேல் இருக்கும் டார்க் பீக் பகுதிக்கான தாள், 1:25,000 அளவு. சுமார் 15 பவுண்டு. விட்டுவிட்டுப் போட்ட பச்சைக் கோடுகள் எல்லாம் பொதுப்பாதைகள். கைப்பேசி வரைபடத்தையும் இணையம் இல்லாமல் பார்க்கும்படி இறக்கி வையுங்கள், ஆனால் குளிரில் பேட்டரி வேகமாகத் தீரும்.

இவற்றோடு தலைவிளக்கு, விசில், சிறு முதலுதவிப் பொட்டலம், ஒன்றரை லிட்டர் தண்ணீர்.

7. ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள்

நிலையத்திலிருந்து இறங்கி வந்தால் கார் நிறுத்துமிடம், அதன் பக்கத்தில் பொதுக் கழிப்பிடம். நடைக்கு முன் பயன்படுத்திவிடுங்கள், மேலே எதுவும் இல்லை. வடக்கே போகும் ஒரே சாலையில் தேவாலயம், ஓல்டு நாக்ஸ் ஹெட் பப். நிலையத்துக்கு அருகே ராம்ப்ளர் இன் என்று இன்னொரு பப். அவ்வளவுதான் ஊர். கொடைக்கானல் மாதிரி கடைத்தெரு, ஏரி, ஜீப் எதையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். சூப்பர் மார்க்கெட் கிடையாது. ரொட்டி, பழம், தயிர், பிஸ்கட்டை மான்செஸ்டரிலோ ஷெஃபீல்டிலோ வாங்கிக்கொண்டு ரயில் ஏறுங்கள்.

8. நடைகள்: எளிதிலிருந்து கடினத்துக்கு

நேரக் கணக்குக்கு ஒரு பழைய முறை உண்டு. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். நமக்கு அந்தக் குளிரும் சேறும் பழக்கம் இல்லை. வரும் கணக்கை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

முதல் நாள், வயல்வழி. ஓல்டு நாக்ஸ் ஹெட்டுக்கு எதிரே தொடங்கும் பாதை பென்னைன் வே. ஸ்காட்லாந்து எல்லை தாண்டி 430 கிலோமீட்டர் போகிறது. நீங்கள் அப்பர் பூத் வரை போனால் போதும். பார்பர் பூத் வழியாகச் சாலையில் திரும்பினால் ஐந்தாறு கிலோமீட்டர், நிதானமாக இரண்டரை மணி நேரம். பெரியவர்கள் கூட வந்தால் இதுவே போதுமான நடை.

இந்த நடையில்தான் வேலிகளைக் கடக்கப் பழகுவீர்கள். சுவரில் குறுகலாக இரண்டு கல் நட்டு இடைவெளி விட்டிருப்பார்கள், ஆள் நுழையலாம், மாடு நுழையாது. சில இடத்தில் மரப்படி ஏறி இறங்க வேண்டும். சில இடத்தில் வளைந்த கூண்டுக்குள் மரக்கதவு ஆடும். அதற்குள் நுழைந்து, கதவை மறுபக்கம் தள்ளி, வெளியே வர வேண்டும். பெரிய பையோடு ஒருவர் பின் ஒருவராகத்தான் முடியும். மரம் ஈரத்தில் வழுக்கும், படியில் பக்கவாட்டில் காலை வையுங்கள்.

இரண்டாம் நாள், மாம் டோர். 517 மீட்டர் உயரம். ஊரிலிருந்து தெற்கே வயல் தாண்டி ஹாலின்ஸ் கிராஸ் என்ற கணவாய்க்கு ஏறினால் முகடு வந்துவிடும். வலப்பக்கம் திரும்பினால் மாம் டோர், உச்சிவரை கல் பாவிய பாதை. ஒருபுறம் ஈடேல், மறுபுறம் கேஸில்டன், இரண்டு பள்ளத்தாக்கும் ஒரே நேரத்தில் தெரியும். வந்த வழியே திரும்பினால் ஏழு கிலோமீட்டர் அளவு.

திரும்பாமல் இருப்பதுதான் நல்லது. முகட்டிலேயே கிழக்கே நடந்து, பேக் டோர், லூஸ் ஹில் தாண்டி ஹோப் ஊருக்கு இறங்குங்கள். மொத்தம் 12 கிலோமீட்டர் அளவில் வரும். ஹோப்பில் இருந்து அதே ரயிலில் ஒரே நிறுத்தம், ஈடேல். இந்தப் பாதையின் பெரிய வரம் இதுதான்: ஒரு நிலையத்தில் தொடங்கி இன்னொன்றில் முடிக்கலாம். பாம்ஃபோர்டு, ஹாதர்சேஜ், கிரிண்டில்ஃபோர்டு என்று அடுத்தடுத்து நிலையங்கள் இருக்கின்றன. ஹோப் நிலையம் ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவு தள்ளி இருக்கிறது என்பதை மட்டும் நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள், வானிலை நன்றாக இருந்தால் மட்டும், கிண்டர் ஸ்கவுட். 636 மீட்டர், ஈடேலைச் சுற்றியுள்ள பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியிலேயே உயரம். கிரைண்ட்ஸ்புரூக் ஓடையோரம் ஏறி, பீடபூமியின் விளிம்போடு மேற்கே நடந்து, ஜேக்கப்ஸ் லேடர் என்ற கல்படிகளில் இறங்கி, அப்பர் பூத் வழியே ஊருக்கு வருவது. சுமார் 13 கிலோமீட்டர், எங்களுக்கு ஆறரை மணி நேரம் ஆனது. ஏற்றத்தின் கடைசியில் பாதை மறைந்து, பெரிய பாறைகள் மேல் கையூன்றி ஏற வேண்டியிருக்கும். மூட்டு வலி உள்ளவர்கள் ஜேக்கப்ஸ் லேடரில் ஏறி அதிலேயே இறங்கிவிடுங்கள்.

மேலே மண் முழுக்கக் கறுத்த கரிச்சேறு. ஓடைத் தண்ணீர் ஃபில்டர் காபி டிகாக்ஷனைத் தண்ணீர் விட்டுக் கலந்த நிறத்தில் ஓடும். பீட் எனும் அந்த மண்ணின் நிறம்தான் அது, ஆனாலும் ஆடுகள் மேயும் இடம் என்பதால் குடிக்க வேண்டாம். பீடபூமியின் நடுவே குறுக்குவழி பார்க்காதீர்கள். பள்ளமும் மேடும் ஒன்றுபோலவே இருக்கும், மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் தெரியாது. விளிம்புப் பாதையை விட்டு விலகக் கூடாது என்பதை அங்கே ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் வானிலைத் துறை பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகளுக்கென்றே தனி முன்னறிவிப்பு தருகிறது. முந்தைய இரவும் காலையிலும் பாருங்கள். மேகம் கீழே இருக்கும் என்றால் முதல் நாள் நடையையே இன்னொரு முறை போங்கள்.

9. வயலில் நடக்கும்போது

பாதை தனியார் நிலத்தின் குறுக்கேதான் போகும். மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கான பொதுப்பாதை, நீலம் என்றால் குதிரையும் மிதிவண்டியும்கூடப் போகலாம். உரிமையோடு நடக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கதவு மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள், திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள். விவசாயி காரணத்தோடுதான் அப்படி வைத்திருப்பார். கல்சுவரில் ஏறாதீர்கள், சாந்து இல்லாமல் அடுக்கியது.

கன்றோடு இருக்கும் மாட்டுக்கு நடுவே போகாதீர்கள். நம் ஊர் மாடு போல ஆளுக்குப் பழகியது என்று நினைத்துத் தடவப் போவது ஆபத்து. வேலியோரமாகச் சுற்றி, சத்தம் போடாமல், ஓடாமல் கடந்துவிடுங்கள். மாலையில் அறைக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, கணுக்காலில் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும்.

10. சாப்பாடு

பப்பில் மேசைக்கு யாரும் வந்து கேட்க மாட்டார்கள். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு, கவுன்ட்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே பணம் கட்டுவதுதான் வழக்கம். பல இடங்களில் மதியச் சமையல் முடிந்ததும் மாலை வரை அடுப்பு அணைத்துவிடுவார்கள், இரவும் ஒன்பதுக்குள் முடிந்துவிடும். எட்டு மணிக்கே போங்கள். ஒரு தட்டு 15 முதல் 20 பவுண்டு. சைவத்துக்கு ஒன்றிரண்டு வகை இருக்கும். சூப்பில் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா, பொரியலைத் தனி எண்ணெயில் பொரிக்கிறார்களா என்று கேட்டால் மரியாதையாகச் சொல்வார்கள். குடிக்க ஒன்றும் வேண்டாமென்றால் குழாய்த் தண்ணீர் கேளுங்கள், மது விற்கும் இடங்கள் அதை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம்.

அட்டை எல்லா இடத்திலும் செல்லும். சில்லறையாக 20 பவுண்டு வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

11. ஏதாவது ஆகிவிட்டால்

999 அழைத்து முதலில் போலீஸ் என்று கேட்டு, அவர்களிடம் மவுண்டன் ரெஸ்க்யூ, அதாவது மலை மீட்புக் குழு, வேண்டும் என்று சொல்லுங்கள். நேராக ஆம்புலன்ஸ் கேட்டால் மலைக்கு ஆள் வரத் தாமதமாகும். வருகிறவர்கள் தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது. அங்கே வாங்கிய சிம் இருந்தால், முதல் நாளே 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பதிவு செய்துவையுங்கள். பேசுமளவு சிக்னல் இல்லாதபோது குறுஞ்செய்தி போய்விடும். விசில் என்றால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும்.

காலையில் கிளம்பும்போது எந்தப் பாதையில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று தங்கும் வீட்டில் எழுதிக் கொடுங்கள். எங்கள் வீட்டுக்கார அம்மா அதை வாங்கி சமையலறைக் கதவில் ஒட்டிவைத்தார். கிண்டரிலிருந்து சொன்ன நேரத்துக்கு முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தோம். அவர் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, கையில் அந்தச் சீட்டோடு வெளியே நின்றுகொண்டிருந்தார்.